இன்ஸ்பெக்டர் வந்த நாளில் என் லூர்து

எனக்கு முந்தி என் மகளை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு தாய் இப்படிக் கேட்பாளா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்கள் சுளிக்க மாட்டார்கள். நான் கண்ணை மூடிவிட்டால் இதற்குச் சோறு யார் ஊட்டுவார்கள், துணி யார் மாற்றுவார்கள் என்று நினைத்து நினைத்துக் கடைசியில் வந்து நிற்கிற ஜெபம் அது.

சாமியார் சாட்சி சொல்லச் சொன்னார். நின்று பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொண்டுவந்து வாசிக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுதியது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊருக்குப் புதிதாக மருமகளாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் ஞானம்மாள். கோவில் தெருவில் கடைசி வீடு. ஆண்கள் பக்கத்தில் தூணோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். என் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு உங்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பவள்தான் என் மகள் லூர்து. இப்போது அவளுக்குப் பதினேழு வயது.

அவள் பிறந்தது 1960-இல். பிரசவம் இழுத்துக்கொண்டே போனது. கம்பைநல்லூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாமா வேண்டாமா என்று ஆண்கள் பேசி முடிப்பதற்குள் பிள்ளை வந்துவிட்டது. வந்த பிள்ளை அழவில்லை. மருத்துவச்சி காலைப் பிடித்துத் தட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, என்னென்னவோ செய்தபிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாள். மற்ற பிள்ளைகள் ஓடுகிற வயதில்தான் இவள் உட்கார்ந்தாள். அவர்கள் பாட்டுப் பாடுகிற வயதில் 'ம்மா' என்றாள். வாயில் எச்சில் நிற்காது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, புத்தி வளர்ச்சி குறைவு, மருந்து இல்லை என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல இருந்தது.

இருந்தாலும் நம்முடைய கோவில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எனக்கு ஆசை. தெருப் பிள்ளைகள் எல்லாரும் சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போகும்போது இவள் மட்டும் வாசலில் நின்று பார்க்கிறாளே என்ற வயிற்றெரிச்சல். ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். மொத்த வகுப்பும் அ, ஆ என்று கத்தும்போது இவளும் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். தனியாக எழுப்பிக் கேட்டால் சிரிப்பாள். அவளோடு சேர்ந்த பிள்ளைகள் மூன்றாவது போய்விட்டார்கள். இவள் ஒன்றாவதிலேயே இருந்தாள். மத்தியானம் போடுகிற கோதுமை உப்புமாவுக்காகத்தான் ஞானம்மா மகளை அனுப்புகிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். என் வீட்டில் களிக்குப் பஞ்சமில்லை. அவளுக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது பிடித்திருந்தது. யாராவது வரிசையாகப் போனால் ஓடிப்போய்க் கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவள் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்ஷன் வரும். உங்களுக்குத் தெரியாததா? சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். காகிதத் தோரணம் கட்டுவார்கள். பிள்ளைகள் தலை நிறைய எண்ணெய் வழிய வழிய வருவார்கள். அதற்கு முந்தின நாள் மாலை பெரிய வாத்தியார் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவார். உள்ளே வரமாட்டார்.

"ஏம்மா ஞானம்மா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் பாப்பாவ வூட்லயே வச்சுக்கங்க. இன்ஸ்பெக்டர் எழுப்பிக் கேட்டுட்டாருன்னா எனக்குத்தான் தலைக்குனிவு."

"சரிங்க வாத்தியாரே," என்பேன். வேறென்ன சொல்வது?

அவர் கெட்டவர் இல்லை. அவரை இப்போதும் மதிக்கிறேன். வேலை போய்விடுமோ என்று பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் போனபிறகு நான் உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஜெபத்தைச் சொல்வேன். எனக்கு முந்தி இவளைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று. ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷனுக்கும் சொன்னேன்.

1969-ஆம் வருஷம், பொங்கல் முடிந்த வாரம். அன்றைக்கும் அப்படித்தான் வீட்டில் நிறுத்தி வைத்தேன். தெருப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுப் போவதைப் பார்த்துவிட்டு அவளும் பலகையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "இன்னிக்கு வேணாம் கண்ணு, நாளைக்கிப் போலாம்," என்றேன். அவளுக்கு நாளைக்கு என்றால் என்னவென்று தெரியாது. பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் கொல்லையில் துவரை அடிக்கப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் வாசற்படி காலியாக இருந்தது.

முதலில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். உள்ளே நாற்காலியில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் ஓரமாகத் தலையை நீட்டியதும் பெரிய வாத்தியார் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"இங்க இல்லம்மா. காலைல வந்து வாசல்ல நின்னா. இன்னிக்கு லீவு, போன்னு சொல்லி அனுப்பிட்டேன். வூட்டுக்குத்தான் வந்திருப்பா, போய்ப் பாருங்க."

வீட்டுக்கு வரவில்லை. கோவிலில் இல்லை. களத்துமேட்டில் இல்லை. பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா ஒரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனாள், நான் ஒரு பக்கம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளே ஒழிய, பதில் சொல்லத் தெரியாத பிள்ளை. எங்கே என்று தேடுவது? ஆற்றங்கரைக்குப் போனேன். மார்கழி மழையில் வந்த தண்ணீர் இன்னும் மடு மடுவாக நின்றது. மணலில் ஏகப்பட்ட சின்னக் கால் தடம். மாடு மேய்க்கிற பிள்ளைகள் எப்போதும் போய் வருகிற வழி. அதில் எது என் பிள்ளையின் தடம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மத்தியானத்துக்குமேல் என் வீட்டுக்காரரும் இன்னும் சில ஆண்களும் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார்கள். பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். வாளி விழுந்தால் தேடுகிற கரண்டி அது. அதை இறக்கி இறக்கி இழுத்தார்கள். நான் மேட்டில் நின்றேன். ஒருமுறை கயிறு கனத்தது. இழுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது. அவரால் மேலே இழுக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கி இழுத்தார். அடி ஓட்டையாகிப்போன பழைய வாளி ஒன்று, உள்ளே சேறோடு வந்தது. என் வீட்டுக்காரர் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். வருஷக்கணக்காகக் கேட்டதை ஆண்டவர் இன்றைக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். 

கோவிலுக்கு ஓடினேன். இதே கோவில்தான். அப்போது யாரும் இல்லை. இந்த மாதா சுரூபத்தின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஜெபமாலை சொல்லவில்லை, மந்திரம் சொல்லவில்லை. சண்டை போட்டேன். "அம்மா, நீயும் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டுத் தேடினவள்தானே? உனக்குத் தெரியாதா? பைத்தியக்காரி நான் ஏதோ கேட்டேன் என்றால் நீ உன் மகனிடம் அதை அப்படியே போய்ச் சொல்வாயா? எனக்கு அவள் வேண்டும். அவள் படிக்க வேண்டாம். பேசக்கூட வேண்டாம். எச்சில் வழிந்தால் நான் துடைத்துக்கொள்கிறேன். உயிரோடு கொடு. இந்த உலகத்தில் அவள் உட்கார ஓர் இடம் கொடு. விரட்டாத இடமாகக் கொடு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். என்னை மறந்து எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளியே ரோசம்மா அக்கா கத்துகிற சத்தம் கேட்டது. "ஞானம்மா, ஓடியாடி! புள்ள வந்துட்டா!"

ஓடினேன். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நீலச் சேலை, கையில் குடை. கொசுவம் முழங்கால்வரை நனைந்திருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் லூர்து. கக்கத்தில் அதே பலகை. என்னைப் பார்த்ததும் "ம்மா" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடிக்கவும் செய்தேன், முத்தமும் கொடுத்தேன்.

வந்தவர் சரோஜா டீச்சர். ஆற்றுக்கு அக்கரையில் தெலுங்குக்காரர்கள் ஊரில் ஒரே ஒரு டீச்சர் வைத்து நடத்துகிற பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அதன் டீச்சர். சொந்த ஊர் அதியமான்கோட்டை. அவர் சொல்லித்தான் நடந்தது என்னவென்று தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தால் இந்தப் பக்கத்துப் பள்ளிகளை ஒரே மூச்சில் பார்த்துவிடுவார். காலையில் நம் பள்ளி, மத்தியானம் அவர்கள் பள்ளி. நம் பள்ளிக்கு மதிப்பெண் கவலை. அவர்களுக்கோ தலைக்கணக்குக் கவலை. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள். அதனால் அன்றைக்கு ஒரு நாள் ஆடு மேய்க்கிற பிள்ளைகளை எல்லாம் திரட்டிக் கொண்டுவந்து உட்கார வைப்பது அங்கே வழக்கம். அவர்கள் பள்ளிச் சமையல்காரர் இக்கரைக்கு வந்து, மேய்ச்சலில் இருந்த தங்கள் ஊர்ப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நம் பள்ளி வாசலில் விரட்டுப்பட்டு நின்றவள் அந்த வரிசையைப் பார்த்திருக்கிறாள். ஓடிப்போய்க் கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தலை கூடுதலாக வந்ததில் சமையல்காரருக்குச் சந்தோஷம். யார் என்ன என்று அவர் கேட்கவில்லை.

ஒரு பள்ளிக்கூடம் மானம் போகும் என்று வெளியே நிறுத்திய பிள்ளையை, இன்னொரு பள்ளிக்கூடம் மானத்தைக் காப்பாற்ற உள்ளே உட்கார வைத்திருக்கிறது. ஆண்டவர் இதைப் பார்த்துச் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"ஏன்ங்க டீச்சர், நாள் பூரா உங்ககிட்ட இருந்தாளே, இவ எப்படின்னு உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று கேட்டேன்.

"தெலுங்குப் புள்ளைன்னு நெனச்சிட்டேன்ங்க," என்றார். "எங்கிட்ட ஒண்ணாவதுக்கு வர்ற புள்ளைங்கள்ல பாதிக்கு நான் பேசறது புரியாது. வாயில சொன்னா முழிக்கும். அதனால புளியங்கொட்டை, கல்லு, குச்சின்னு கையில குடுத்துத்தான் சொல்லித் தருவேன். இவளுக்கும் அப்படித்தான் குடுத்தேன். எல்லாம் கெளம்பிப் போனப்புறம் இவ மட்டும் உக்காந்திருந்தா. எனக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தெலுங்குல கேட்டேன், அதுக்கும் சிரிச்சா. இக்கரையில சேந்துக்கிட்ட புள்ளைன்னு சமையல்காரர் அப்பத்தான் சொன்னாரு..."

நான் குனிந்துகொண்டு சொன்னேன்: "புத்தி கொஞ்சம் மந்தம்ங்க."

 டீச்சர் லூர்துவின் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதற்குள் மூன்று புளியங்கொட்டை இருந்தது. "மூணுன்னு விரலக் காட்டினேன். மூணு எடுத்துக் குடுத்தா. மத்தியானத்திலிருந்து அத விடவே மாட்டேங்கறா. நாளைக்கும் அனுப்புங்க. நான் பேசறது புரியாத புள்ளைங்களோட இருந்து எனக்குப் பழக்கம்தான்."

மூன்று வருஷம் நம் பள்ளியில் உட்கார்ந்து அவள் ஒன்று என்று சொன்னதில்லை. புத்தி இல்லாத பிள்ளை என்று தெரிந்திருந்தால் அந்த டீச்சரும் ஒருவேளை ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார். பாஷை தெரியாத பிள்ளை என்று தப்பாக நினைத்ததால் பொறுமையாகக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்திருக்கிறார். அந்தத் தப்புக்குள் ஆண்டவர் என் மகளுக்கு ஓர் இடம் போட்டு வைத்திருந்தார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று சொன்னால் பொய். சரஸ்வதி பூசை போடுகிற பள்ளிக்கு வேதக்காரப் பிள்ளையை அனுப்புவதா என்று இந்தக் கோவில் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. என் வீட்டுக்காரருக்கும் மனசில்லை. "நம்ம பள்ளிக்கூடத்துல எடம் இருந்தா நான் ஏன் ஆத்தத் தாண்டறேன்?" என்றேன்.  தினமும் ஆற்று மணலில் அவளைக் கூட்டிப்போய் விட்டு, மாலையில் கூட்டி வந்தேன். வெயிலில் மணல் சுடும், இடுப்பில் தூக்கிக்கொள்வேன். ஆற்றில் தண்ணீர் வந்தால் நாள்கணக்கில் போக முடியாது. படித்ததும் மறந்துபோகும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்த இன்ஸ்பெக்ஷன் வந்தது. டீச்சர் அவளை வீட்டில் வைக்கச் சொல்லவில்லை. "முன்னால உக்கார வைக்கறேன், நீங்களும் வாங்க," என்றார். இன்ஸ்பெக்டர் நேராக இவளைத்தான் எழுப்பினார். நான்கு என்றால் எத்தனை, காட்டு என்றார். லூர்து தரையில் இருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துக்கொண்டே போனாள். ஐந்து வைத்துவிட்டாள். டீச்சர் மழுப்பவில்லை. "ஒண்ணு கூடப்போச்சுங்க. போன வருஷம் இவளுக்கு எதுவும் தெரியாதுங்க," என்றார். இன்ஸ்பெக்டர் கொட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. பள்ளி இடிந்து விழவில்லை. டீச்சர் வேலை போகவில்லை. இதற்குத்தானா இத்தனை வருஷம் என் பிள்ளையை ஒளித்து வைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

1973-இல் சரோஜா டீச்சருக்கு மாற்றல் வந்தது. பிறகு வந்தவர், வயது மீறிய பெண்ணை ஒன்றாவதில் வைக்க முடியாது என்றார். அதோடு அவள் படிப்பு முடிந்தது. இன்றைக்கும் மணி அடித்தால் தலை வாரிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள். எங்கே போக என்று நிற்கிறாளோ, அதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

அவள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: பத்துவரை எண்ணுவாள். தானே குளிப்பாள். தாவணியைத் தானே கட்டிக்கொள்வாள். பேர் கேட்டால் லூர்து என்பாள், ஊர் கேட்டால் ஊர்ப் பேரைச் சொல்வாள். நான் செத்தபிறகு யாராவது அவளைத் தெருவில் பார்த்தால் எங்கே கொண்டுவந்து விட வேண்டும் என்று அவளே சொல்வாள். யாரிடம் விட வேண்டும் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதற்கும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் முன்பு கேட்டதைக் கேட்பதில்லை. அவள் இருக்கட்டும் என்று கேட்கிறேன். கேட்டதற்குப் பதில் கொடுக்கிறவர் இதற்கும் கொடுப்பார்.

என் சாட்சி இதோடு முடியவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. நம்முடைய பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். நேற்று மாலை இரண்டு வீட்டு வாசலில் வந்து, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அந்த வீடுகளின் பேர் சொல்லமாட்டேன். அந்தத் தாய்மார்கள் இந்தப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ராத்திரி நீங்கள் என்ன ஜெபம் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

பெரிய வாத்தியாரும் இங்கேதான் இருக்கிறார். வாத்தியாரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு முன்வரிசையில் இரண்டு பிள்ளைக்கு இடம் விட்டு வையுங்கள்.

தாய்மார்களே, பயப்படாதீர்கள். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, சட்டை போட்டு வாசலில் நிறுத்துங்கள். நானே வந்து கூட்டிப்போகிறேன். இன்ஸ்பெக்டர் கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்குச் சொல்ல வராவிட்டால் ஆண்டவர் சொல்வார். ஆமென்.